புலமையும் பரிசிலும்

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாள்களிலே யாழ்ப்பாணத்துச் சந்திகளில் ஒரு காட்சியைக் காணலாம். மதிலிலும் மின்கம்பத்திலும் பதாகைகள் தொங்கும். அவற்றிலே சிறுவர் சிறுமியரின் முகங்கள் இருக்கும். முகத்தின் கீழே அவர் பெற்ற புள்ளி இருக்கும். பார்க்கின்றவர் மகிழ்வர். மகிழ வேண்டியதே. ஆயினும், அதே ஒழுங்கையில், அதே வகுப்பிற் படித்து, சில புள்ளிகளால் தவறிய பிள்ளை ஒன்றும் இருக்கும். அது அன்றைக்குக் கடைக்குப் போக மாட்டாது. போனால், ‘எத்தனை புள்ளி?’ என்ற கேள்வி வரும். பத்து வயதிலேயே அப்பிள்ளைக்குத் தான் அறிவில்லாதது என்ற முடிவு சொல்லப்பட்டாயிற்று.

நான் தமிழாசிரியன். பகலிலே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பவன். மாலையிலே பிராசீன பாடசாலை ஒன்றிற் பண்டித வகுப்பினருக்கு நன்னூலுந் தண்டியலங்காரமும் சொல்லுகின்றவன். ஆகவே, அந்தப் பதாகைகளில் என் கண் முதலிற் செல்வது புள்ளிக்கன்று. ‘புலமை’ என்னுஞ் சொல்லுக்கு.

புலம் என்பது அறிவு. புலமையுடையார் புலவர். இந்தச் சொல்லைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். நூல்களைக் கற்றுத் தெளிந்தவரை நம் முன்னோர் புலவர் என்றனர். புதிதாகப் பாடவல்லவரையும் புலவர் என்றே சொன்னார்கள். இலக்கணஞ் செய்தவரும் புலவர். காப்பியஞ் செய்தவரும் புலவர். அறிவு ஓரிடத்திலும் ஆக்கம் வேறோரிடத்திலுமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ‘பரிசில்’ என்பதும் பழைய சொல். சங்க காலத்துப் புலவர் பாடிப் பரிசில் பெற்றனர்; பிறர் பாடியதை ஒப்புவித்துப் பெற்றாரல்லர். புலமையும் பரிசிலும் சேர்ந்த ஒரு பெயரை இன்று ஒரு பரீட்சைக்கு இட்டிருக்கின்றோம். அந்தப் பரிசிலைப் பெறுகின்ற பிள்ளை எதனைப் பாடிற்று? எதனைச் செய்தது? இதுவே என் வினா.

அறிவும் ஆக்கத்திறனும் ஒன்றோ வேறோ என்பது இக்காலத்து உளவியலாரும் ஆராய்ந்த பொருள். 1950ஆம் ஆண்டிலே அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவராயிருந்த கில்ஃபோர்டு என்பார் தமது தலைமையுரைக்கு இதனையே பொருளாகக் கொண்டார். நுண்ணறிவைச் சோதிக்கும் பரீட்சைகள் ஒரு வினாவுக்கு ஒரே சரியான விடையை வேண்டுவன. ஒரு செங்கல்லைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்று கேட்டால், விடை ஒன்றன்று, பல. பல விடையைத் தேடிச் செல்லும் மனத்தை அப்பரீட்சைகள் அளக்கவில்லை என்பது அவர் கொள்கை. அதன்பின் அறிஞர் பலர் இரண்டுக்கும் உள்ள உறவை அளக்க முயன்றனர். அந்த முயற்சிகளைப் பற்றிப் படிக்கையில் எனக்கு ஒன்று தோன்றிற்று. உறவு எத்துணை நெருக்கமானது என்பது பிள்ளையின் மூளையை மட்டும் பொறுத்ததன்று. அந்தப் பிள்ளையைச் சூழ்ந்த சமுதாயம் எதனை ‘அறிவு’ என்று பெயரிட்டு அழைக்கின்றது என்பதையும் பொறுத்தது.

ஆபிரிக்காவின் சாம்பியா நாட்டில் நெடுங்காலம் ஆராய்ந்த றொபேட் சேர்ப்பல் என்னும் உளவியலாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் தக்க சான்று. சாம்பியாச் சிறுவரையும் இங்கிலாந்துச் சிறுவரையும் அவர் சோதித்தார். ஓர் உருவைக் கண்டு அதனைப் போலச் செய்தல் சோதனை. தாளிலும் பென்சிலாலும் செய்யச் சொன்னபோது இங்கிலாந்துச் சிறுவர் விஞ்சினர். கம்பியை வளைத்துச் செய்யச் சொன்னபோது சாம்பியாச் சிறுவர் விஞ்சினர். களிமண்ணாற் செய்தபோது இரு திறத்தாரும் ஏறத்தாழ ஒத்து நின்றனர். காரணம் யாது? சாம்பியாச் சிறுவர் எறியப்பட்ட கம்பிகளைப் பொறுக்கி விளையாட்டு வண்டி செய்து பழகியவர். பென்சிலை மட்டும் கொடுத்திருந்தால் அவர்களை மந்தர் என்று எழுதியிருப்போம். கம்பியை மட்டும் கொடுத்திருந்தால் மற்றவரை அப்படி எழுதியிருப்போம். அந்நாட்டுச் சேவா மக்கள் அறிவைக் குறிக்க வழங்குஞ் சொல்லிலே கூர்மையோடு பொறுப்புணர்ச்சியும் அடங்கும் என்றும் அவர் காட்டினார்.

சாம்பியாவின் கம்பி வண்டியைப் படித்தபோது என் நினைவு எங்கள் ஒழுங்கைக்கு ஓடியது. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினாலே பெற்றோலும் மின்கலமும் கிடைத்தற்கரியனவாயின. அப்பொழுது எனக்கு இருபது வயது. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்த விளக்கின் ஒளியிலே பண்டித பரீட்சைக்குச் சூத்திரங்களை மனனஞ் செய்துகொண்டிருந்தேன். அடுத்த வளவில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் வானொலியைப் பாட வைத்தான். ஒழுங்கை முழுதும் அவன் வீட்டுப் படலையிலே கூடிச் செய்தி கேட்டது. மோட்டார்ச் சைக்கிளைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையும் அவனுக்குக் கைவந்திருந்தது. நான் கற்ற சூத்திரம் அந்நாளிலே எவருக்கும் ஒரு செய்தியைக் கேட்பிக்கவில்லை.

ஆனால் ஒழுங்கையிற் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் நான். அவனைப் பற்றிப் பெரியவர் ஒருவர் சொன்னது இது: “உவனுக்குப் படிப்பு ஏறேல்லை. கைவேலை மட்டும் ஓடும்.”

கைவேலை. இந்தச் சொல்லிலே எங்கள் சமுதாயத்தின் கணக்கு முழுதும் அடங்கியிருக்கின்றது. கை தானே வேலை செய்யுமா? சக்கரத்தின் வேகத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பை அவன் கையா அறிந்தது?

இந்தக் கணக்கு எவ்வாறு வந்தது என்பதையும் நேர்மையோடு சொல்லுதல் வேண்டும். யாழ்ப்பாணம் ஆறில்லாத நாடு. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிதாகப் படிந்த மண். கிணற்றை நம்பித் தோட்டஞ் செய்தவனுக்குத் தன் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கக் காணி போதாது. அப்படியான நாட்டுக்குக் கல்வியே காணியாயிற்று. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடங்கினர். ஆங்கிலங் கற்றவர் கொழும்பிலும் மலாயாவிலும் எழுதுவினைஞராயும் புகையிரத நிலைய அதிபராயும் உத்தியோகம் பெற்றனர். சித்தியடைந்த ஒரு பையன் ஒரு குடும்பத்தைத் தூக்கினான். 1945இல் இலவசக் கல்வி வந்தபின் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வாயில் திறந்தது. 1970களில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழக வாயில் ஒடுங்கியபோது, ஒரு புள்ளியும் ஓர் உயிர்ப் பிரச்சினையாயிற்று. பின்னர் வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீடு போயிற்று, நகை போயிற்று, சான்றிதழ் மட்டும் பையிலே வந்தது. இத்தனையும் பட்ட ஒரு தாயிடம் ‘புள்ளியைப் பாராதே’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. பரீட்சை எங்களை வாழ வைத்தது. வாழ வைத்த ஒன்றே அறிவின் முழு அளவு என்று மயங்கியதுதான் எங்கள் பிழை.

இந்த மயக்கத்துக்கு மரபைக் காரணங் காட்டுவாரும் உளர். ‘தமிழர் கல்வி மனனக் கல்வி, அதனாலே ஆக்கம் வளரவில்லை’ என்பர். இது மரபை அறியாதார் கூற்று. நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி உவமை கூறுகின்றார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. கிளி எங்கே நிற்கின்றது? சொன்னதைச் சொல்லும் அந்தக் கிளியை அவர் மண்ணோடு சேர்த்து இடைமாணாக்கருக்கு உவமையாக்கினார். வேறு பிரித்தறியும் அன்னத்துக்கும், மேய்ந்ததை ஆறியிருந்து அசைபோட்டுத் தனதாக்கும் பசுவுக்கும் பின்னேதான் கிளி. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சூத்திரத்தைப் படிப்பித்து வருகின்றோம். படிப்பித்துக்கொண்டே கிளிக்கு முதற்பரிசு கொடுத்து வருகின்றோம்!

மனனம் ஆக்கத்துக்குப் பகையன்று என்பதற்கு அவதானக் கலை சான்று. அவதானி சபை நடுவே இருப்பார். ஒருவர் முதுகிலே கல்லெறிவார். அதன் தொகையை எண்ண வேண்டும். ஒருவர் இலக்கண ஐயங் கேட்பார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். இன்னொருவர் ஓர் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாப் பாடுக என்பார். எல்லாவற்றையும் நினைவிற் கொண்டு, எல்லாவற்றுக்கும் விடையிறுத்து, அந்த நெருக்கடியிலே புதிய பாட்டையும் பாட வேண்டும். எட்டு வகை செய்தவர் அட்டாவதானி. நூறு செய்தவர் சதாவதானி. நினைவு, கவனம், கணக்கு, கற்பனை ஆகிய நான்கையும் ஒரே மனிதரிடத்தில் ஒரே வேளையிலே சோதித்த பரீட்சை இது. பருத்தித்துறையை அடுத்த மேலைப்புலோலியிற் பிறந்து 1907இல் மறைந்த நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி எனப் பெயர் பெற்றவர். சென்னையிலே திரு. வி. கலியாணசுந்தரனாருக்குத் தமிழ் ஆசிரியராயிருந்தவரும் அவரே.

இணைந்து நின்ற இந்தப் புலமைக்கு அண்மைக் காலத்துச் சான்று விபுலாநந்த அடிகள். மட்டக்களப்பைச் சேர்ந்த காரைதீவிலே 1892இற் பிறந்த அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர்; இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி; யாழ்ப்பாணத்திலே சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர். அவர் 1947இல் வெளியிட்ட ‘யாழ் நூல்’ தமிழிசையின் சுருதிகளைக் கணித முறையால் ஆராய்ந்து, மறைந்துபோன யாழை மீண்டும் உருவாக்கிக் காண முயன்றது. அது தமிழா, விஞ்ஞானமா, இசையா? ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்த எங்கள் நேரசூசியிலே அந்த நூலுக்கு இடமில்லை.

சிறு பிள்ளைகளுக்கு வருவோம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆசிரியராயிருந்தவர். அவர் ஆடிப்பிறப்பைப் பாடினார்; தோட்டத்திலே நிற்கும் கத்தரி வெருளியைப் பாடினார். வெருளியை யாழ்ப்பாணத்தார் எல்லாருங் கண்டனர்; அதைப் பாட்டுக்குரிய பொருளாகக் கண்டவர் அவர். அந்தப் பாட்டைக் கற்பிக்கும்போது நாங்கள் கேட்பது என்ன? ‘இதனைப் பாடியவர் யார்? இடைவெளி நிரப்புக.’ பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, ‘உன் கண்ணுக்கு இந்த வெருளி என்ன செய்கின்றது?’ என்று கேட்பவர் எத்தனை பேர்?

இனி, எங்கள் மத்தியிலேயே இருந்து, அறிவென்று நாங்கள் எண்ணாத ஒன்றைச் சொல்லுகின்றேன். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே தவிற்கச்சேரியை விடிய விடியக் கேட்டவர் நாம். இணுவிலும் அளவெட்டியும் அந்தக் கலைக்குப் பேர்பெற்ற ஊர்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டுப் பெருவித்துவான்களும் வியக்கத் தவில் வாசித்தவர். அந்த வாசிப்பினுள்ளே நிகழ்வது என்ன? ஆதிதாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் நான்கு மாத்திரையாக 32 மாத்திரை. பத்து மாத்திரை கொண்ட ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, நடுவே இரண்டிடத்தில் ஒவ்வொரு மாத்திரை விட்டால் 32 நிரம்பும். அடுத்த அடி சமத்திலே விழும். சொற்கட்டு ஒன்பது மாத்திரையாயின்? ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கி, நடுவே இரண்டிரண்டு விட வேண்டும். இதனைக் கலைஞர் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே கணக்கிட்டு, அதற்குள்ளே அழகையும் வைத்து, புதிதாகச் செய்கின்றார்.

இது கணிதம். இதுவே கற்பனை. இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாய் நிற்கும் இடம் இது. ஆயினும் இக்கலையைச் சில குடிகளுக்கு உரிய தொழில் என்று ஒதுக்கினோம். கொல்லர் பட்டறையையும் தச்சர் உளியையும் அவ்வாறே ஒதுக்கினோம். திருவிழாவிலே தவிலைக் கேட்டுத் தலையாட்டினோம். வாசித்தவரைச் சபையிலே சமமாக இருத்தினோமா? சாதி மனிதரை மட்டும் பிரிக்கவில்லை. அறிவையும் பிரித்தது. படிக்கின்ற அறிவு உயர்ந்தது என்றும், செய்கின்ற அறிவு தாழ்ந்தது என்றும் ஒரு கோடு கீறிற்று. பரீட்சை அந்தக் கோட்டின்மேலே வந்து நின்றது.

பண்டிதர்களாகிய எங்களுக்கும் இதிலே பங்குண்டு. 1960களின் தொடக்கத்திலே ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றிய பெரும் வாதம் எழுந்தது. பேச்சு மொழியிலே கதை எழுதிய புதிய எழுத்தாளரின் தமிழை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் பக்கத்தார் ஒதுக்கினர். புதியவர் பண்டிதரைப் பழமைவாதிகள் என்றனர். இப்பொழுது நின்று பார்க்கையில், எங்கள் பக்கத்தார் செய்த பிழை இலக்கணத்தைக் காத்தமையன்று. இலக்கணம் அறியாதவனிடத்தில் அறிவும் இராது என்று எண்ணியமை. மறுபக்கத்துச் சிலர் செய்த பிழை, கற்றவனிடத்தில் ஆக்கம் இராது என்று எண்ணியமை. இருசாராரும் புலமை என்ற ஒன்றை இரண்டாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டனர்.

பிறரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாதிருத்தல் முறையன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான்காந்தரத்துப் பிள்ளைகளுக்கு ‘எங்கள் வீட்டுக் கிணறு’ என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். ஒரு சிறுவன் எழுதியிருந்தான்: ‘எங்கள் கிணறு கோடையிலே கீழே போய் ஒளித்துக்கொள்ளும். மாரியிலே எங்களைப் பார்க்க மேலே வரும்.’ நான் சிவப்பு மையாற் கோடு கீறினேன். ‘கிணறு ஒளிக்காது. கோடையில் நீர்மட்டம் தாழும்’ என்று பக்கத்தில் எழுதினேன். பின்னர் எல்லாருக்கும் ஒரு மாதிரிக் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

அன்று மாலை பண்டித வகுப்பிலே நான் நடத்திய பாடம் தற்குறிப்பேற்றவணி. இயல்பாக நிகழ்வதன்மேல் புலவன் தன் கருத்தை ஏற்றிச் சொல்லுதல். மதுரை மதிலிற் கொடிகள் காற்றுக்கு அசைந்தன. கோவலனை வரவேண்டா என்று மறித்தனபோலும் என்று இளங்கோவடிகள் பாடிய இடத்தை ஒரு மணி நேரம் வியந்து விரித்தேன். காலையிலே ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று அதே அணியைத் தானாகச் செய்து என் மேசையிலே வைத்தது. நான் அதனைப் பிழை என்று வெட்டினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கோயில் வீதியிலே ஓர் இளைஞன் வந்து வணக்கஞ் சொன்னான். கணக்காளருக்குப் படிப்பதாகச் சொன்னான். சிறிது நேரம் பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டு கேட்டான்:

“சேர், கிணறு ஒளிக்குமெண்டு எழுதினது நான்தான். ஞாபகம் இருக்கோ?”

எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. “அது பிழையில்லைத் தம்பி. நான்தான் பிழை விட்டனான்” என்றேன்.

“பறவாயில்லை, சேர். அதுக்குப் பிறகு நீங்கள் தந்த கட்டுரையளைப் பாடமாக்கித்தான் எழுதினனான். நல்ல புள்ளி வந்தது.”

அவன் குறை சொல்லவில்லை. நன்றி சொன்னான். அந்த நன்றிதான் என்னை இன்றுவரை உறுத்துகின்றது.

நண்பர் சிலர் கேட்பர்: ‘ஆக்கத்துக்குப் புள்ளி உண்டா? எழுத்துப் பிழையைத் திருத்தாமல் விடலாமா? கற்பனை சோறு போடுமா?’ பிழையைத் திருத்தத்தான் வேண்டும். இலக்கணம் தெரியாத கற்பனை நெடுந்தூரம் நடவாது. தாளந் தெரியாமல் தவிலில் எவரும் புதிது செய்ததில்லை. நான் கேட்பது பரீட்சையை ஒழிப்பதன்று. பரீட்சைக்குப் புறத்தேயும் அறிவு உண்டு என்பதை வகுப்பறையிலே பிள்ளை காணும்படி செய்வதே.

அதற்குச் சட்டமும் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையை எடுப்போம். ஈற்றடி கொடுப்போம், பாதிக் கதை சொல்லி மீதியைக் கேட்போம், உவமை கேட்போம். அதற்குப் புள்ளி வேண்டா. ஊரிலுள்ள தவிற்கலைஞர் ஒருவரைக் கணித வகுப்புக்கு அழைத்து 32ஐ அவர் எப்படி நிரப்புகின்றார் என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்வோம். சைக்கிள் திருத்துகின்றவரை விஞ்ஞான வகுப்புக்கு அழைப்போம். அழைக்கும்போது விருந்தினராக அழைத்து, அதிபரின் கதிரைக்குப் பக்கத்திலே இருத்துவோம். அதைக் காண்கின்ற பிள்ளை ‘கெட்டிக்காரன்’ என்ற சொல்லுக்குப் புதிய பொருள் கற்கும்.

நான் இப்பொழுது ஒரு வழக்கம் வைத்திருக்கின்றேன். கட்டுரைக் கொப்பியை எடுத்தவுடன் சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை. முதலிலே பச்சைப் பேனாவால், அந்தப் பிள்ளையே சொல்லியிருக்கக்கூடிய, வேறொருவரிடத்தும் இரவல் வாங்காத ஒரு வசனத்தைத் தேடிக் கோடிடுவேன். சில கொப்பிகளில் ஒன்றும் அகப்படாது. அது பெரும்பாலும் மாதிரிக் கட்டுரைகளை நன்றாகப் பாடமாக்கிய கொப்பியாயிருக்கும். அந்தப் பிள்ளையை அழைத்து, ‘உங்கள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்?’ என்று கேட்பேன். தொடக்கத்திலே ‘நீர் தெரியும்’ என்றே விடை வரும். நான் காத்திருப்பேன். ஆசிரிய நண்பர்களும் இந்த வாரக் கொப்பிகளிலே இதனைச் செய்து பார்க்க வேண்டுகின்றேன்.